கள்வன் மனைவி: ‘அந்த நாள்’ திரைப்படமும் குண்டலகேசியின் வினாவும்

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாக எண்ணப்பெறும் குண்டலகேசி நமக்கு முழுமையாகக் கிட்டவில்லை. நாதகுத்தனார் இயற்றிய அக்காப்பியத்துள் புறத்திரட்டு முதலியவற்றின் வாயிலாக எஞ்சிய சில செய்யுட்களே இன்று உள்ளன. கதைப்போக்கினை நீலகேசிக்குச் சமயதிவாகர வாமன முனிவர் வரைந்த உரையைக் கொண்டும், பாலி மொழியிலுள்ள தேரிகாதை, தம்மபதம் ஆகியவற்றின் உரைகளைக் கொண்டுமே அறிகின்றோம். நூல் மறைந்தும் அது எழுப்பிய வினா மறைந்திலது. தன் கணவன் கள்வனே என்று ஐயமற அறிந்த மனைவி யாது செய்வாள் என்பதே அவ்வினா. 1954ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் வெளிவந்த ‘அந்த நாள்’ என்னும் திரைப்படம் அவ்வினாவை மீண்டும் எழுப்பியது என்பதும், எழுப்பிய பின் பாதி வழியில் நின்றுவிட்டது என்பதும் எம் கருத்து.

இக்கருத்து நூலகத்தில் தோன்றியதன்று. அண்மையில் நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுக்கும் பொருட்டு, மாணவர் சிலருடன் புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரை ஊராகிய கட்டுமாவடியில் தங்கியிருந்தோம். விசைப்படகுகளுக்குரிய மீன்பிடித் தடைக்காலம் அது. தெற்கே கோட்டைப்பட்டினத்திலும் செகதாப்பட்டினத்திலும் படகுத்துறைகள் அடங்கிக் கிடந்தன. பாடல் தந்தவர்க்கு ஒரு கைம்மாறாக மாலை வேளையில் பழைய படம் ஒன்றைத் திரையிடலாம் என்று மாணவர் விரும்பினர். அவர்கள் தேர்ந்தது ‘அந்த நாள்’. பாட்டில்லாப் படத்தை இவர்கள் பொறுத்திருந்து பார்ப்பரோ என்று யாம் ஐயுற்றோம். பார்த்தனர். படம் முடிந்து விளக்கேற்றியபொழுது, பகலெல்லாம் எமக்குப் பாடித் தந்த மூதாட்டியார் எழுந்து நின்று, “அவன் செத்தது சரிதான் ஐயா. அந்தப் புள்ள அப்புறம் என்ன ஆச்சு? அதைச் சொல்லாம வெளக்கப் போட்டுட்டீகளே” என்றார். மாணவர் நகைத்தனர். எமக்கு நகை தோன்றவில்லை. இப்படத்தைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவை பலவற்றை யாம் படித்திருந்தும் இவ்வினாவை அவற்றுள் கண்டிலேம்.

படத்தின் கதையை முதற்கண் சுருக்கிக் கூறுதல் வேண்டும். 1943ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், இரண்டாம் உலகப் போரின் நடுவே, சென்னைமீது ஜப்பானிய வானூர்தி குண்டு வீசியது. அந்நிகழ்ச்சியை ஒட்டியதொரு காலையில், வானொலிப் பொறியியலறிஞனாகிய ராஜன் என்பான் தன் வீட்டில் சுடப்பட்டு விழுகின்றான். நாயகன் முதற்காட்சியிலேயே இறக்கின்றான். அவ்வேடத்தில் தோன்றியவர் சிவாஜி கணேசன். அண்டை வீட்டுச் சின்னையா பிள்ளை காவல்நிலையத்திற்கு ஓடுகின்றார். துப்பறிவாளர் சிவானந்தம் வருகின்றார். சின்னையா பிள்ளை, இறந்தவனின் தம்பி பட்டாபி, பட்டாபியின் மனைவி ஹேமா, ராஜனோடு தொடர்புடைய ஆடற்பெண் அம்புஜம் எனப் பலரும் தத்தம் ஐயத்தை உரைக்கின்றனர். ஒருவர் சுட்டியவர் மற்றொருவரைச் சுட்டுகின்றார். இறுதியில் உண்மை வெளிப்படும் இடம் இறந்தவனின் மனைவி உஷாவின் வாய். தன் அறிவைத் தன் நாடு மதிக்கவில்லை என்னும் கசப்பால் ராஜன் பகைவர்க்கு மறைச்செய்திகளை விற்றான். அதனை அறிந்தவள், அவனைக் காதலித்து மணந்தவள், நாட்டுப்பற்றில் ஊறியவள், அவனைச் சுட்டாள்.

இதனை இயக்கியவர் வீணைக் கலைஞரான எஸ். பாலசந்தர். ஏவி. மெய்யப்பன் தயாரித்தார். திரைக்கதையும் உரையாடலும் ஜாவர் சீதாராமன் எழுதியவை; துப்பறிவாளராக நடித்தவரும் அவரே. உஷாவாகத் தோன்றிய பண்டரிபாய், ஈராண்டிற்கு முன் ‘பராசக்தி’யில் இதே நாயகனுக்குத் துணையாக வந்து அவனைத் திருத்தியவர். 1954இல் அரங்கினுள் இருந்தோர்க்கு அந்நினைவு பசுமையாக இருந்திருக்கும். அங்கே சொல்லால் திருத்தியவள் ஈண்டுத் துப்பாக்கியை எடுக்கின்றாள்.

ஒளியும் நிழலும் கொண்டு குற்றத்தின் உள்ளத்தைக் காட்டும் அமெரிக்கப் படங்கள் சிலவற்றிற்குப் பிரெஞ்சுத் திறனாய்வாளர் 1946ஆம் ஆண்டில் ‘ஃபிலிம் நுவார்’ எனப் பெயரிட்டனர். கரும்படம் என்பது அதன் பொருள். தமிழில் அவ்வகைக்கு முதற்சான்றாக ‘அந்த நாள்’ கூறப்படுதல் பொருத்தமே. எஸ். மாருதிராவின் ஒளிப்பதிவில் பேசுவோர் முகத்தின் ஒரு பாதியே பெரும்பாலும் நமக்குக் கிட்டுகின்றது. எனினும் இவ்வொற்றுமை தோலளவினது. உள்ளே இருப்பது வேறு.

அதனைக் காண்பதற்கு ஒரு வழி, படத்தின் அமைப்பைக் ‘கூற்று’ என்னும் நம் மரபுச் சொல்லால் நோக்குதல். அகப்பாட்டில் புலவன் தானே பேசுவதில்லை. கிழவனும் கிழத்தியும் தோழியும் செவிலியும் கண்டோரும் பேசுவர். யார் கூற்று என்று அறியாதவரை பாட்டின் பொருள் திறவாது. இப்படத்திலும் ராஜன் தனக்கெனப் பேசுவதற்கு உயிரோடு இல்லை. பிறர் கூற்றினுள் மட்டுமே அவன் நடமாடுகின்றான். தம்பி கூறும்பொழுது தோன்றும் அண்ணன் வேறு. அம்புஜத்தின் கூற்றில் வரும் காதலன் வேறு. சிவாஜி கணேசன் இவ்வேறுபாட்டை உடையாலோ ஒப்பனையாலோ பெரிதும் காட்ட முயலவில்லை. குரலின் ஏற்ற இறக்கத்தையும் கண்ணின் நிலையையுமே நம்புகின்றார். பின்னாளில் அவர்பால் குறையாகக் கூறப்பட்ட மிகைநடிப்பு ஈண்டு இல்லை என்பதை மாணவர் நோக்குக. கண்டோர் கூற்றெல்லாம் முடிந்த பின்னரே கிழத்தி கூற்று வருகின்றது. அதுவரை அவள் வாய் திறந்து அழுதாளேயன்றி உள்ளம் திறந்தாளில்லை.

பாட்டு இல்லாமை பற்றி ஈண்டுக் கூறுதல் தகும். பாடலோ ஆடலோ இன்றித் தமிழில் வந்த முதற்படம் என்று இதனைப் புகழ்வோர், அதனை ஒரு துணிச்சல் என்ற அளவிலே நிறுத்திவிடுகின்றனர். பாட்டு நம் திரைப்படத்தில் என்ன பணி செய்கின்றது? தனித்திருக்கும் தலைவி தன் நெஞ்சொடு கிளக்கும் இடம் அதுவே. உரையாடலில் மறைத்ததைப் பாட்டில் மறைக்க இயலாது. அங்ஙனம் மறைத்தால் அதனைப் பாட்டென அவையோர் ஏற்பதில்லை. உஷா ஒரு பாட்டேனும் பாடியிருப்பின், அவள் துயரில் கலந்திருந்த வேறொன்றை நாம் அறிந்திருப்போம். கொலை செய்தவள் யார் என்னும் மறைபொருள் அப்பாட்டிலேயே உடைந்திருக்கும். ஆகலின் பாட்டை நீக்கியது புதுமைக்காக மட்டுமன்று. கணவனைக் கொன்ற மனைவியை நம்முன் நிறுத்த வேண்டின் அவள் நெஞ்சின் வாயிலை அடைத்தே ஆகவேண்டும் என்னும் கட்டாயம் அது. படம் வெளியான காலத்தில் வணிக வெற்றி பெறவில்லை. பாட்டில்லாமையே காரணம் என்பர். பாட்டில்லாமை ஒரு காரணமே. மற்றொன்றும் உண்டு என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ (1950) இப்படத்திற்குத் தூண்டுகோல் என்பது பலரும் அறிந்த செய்தி. அதனை யாம் மறுக்கவில்லை. ஆயினும் தூண்டுகோலை மூலமாகக் கொள்ளுதல் பிழை. ‘ராஷோமோனில்’ ஒரே நிகழ்ச்சியை நால்வர் நான்கு வகையாக உரைக்கின்றனர்; எது மெய் என்பது இறுதிவரை அலைகின்றது. ‘அந்த நாளில்’ பலர் ஊகிக்கின்றனர், ஒருத்தி அறிவாள். மெய் அலைவதில்லை, ஒளிந்திருக்கின்றது. இதனினும் முதன்மையான வேறுபாடு ஒன்றுண்டு. ஜப்பானியப் படத்தில் கணவன், மனைவி, கொள்ளைக்காரன் என மூவர். தமிழ்ப் படத்தில் கணவனும் கொள்ளைக்காரனும் ஒருவனாகிவிட்டனர். மூவர் இருவராகிய அக்கணமே கதை குண்டலகேசியின் எல்லைக்குள் வந்துவிடுகின்றது. பாலசந்தர் அக்காப்பியத்தை மனத்திற்கொண்டார் என்று யாம் கூறவில்லை. கூறச் சான்றும் இல்லை. ஒரு மொழியின் கதைமரபு, அதனை நினையாதவரையும் தன் வழியில் இழுத்துச் செல்லும் என்பதே யாம் கருதுவது.

குண்டலகேசிக் கதையை நினைவு கூர்வோம். வணிகர் மகள் பத்திரை, கொலைக்களத்திற்குக் கொண்டுசெல்லப்படும் காளன் என்னும் கள்வனை மாடத்திலிருந்து கண்டு காதல் கொள்கின்றாள். தந்தை அவனை மீட்டு மணமுடிக்கின்றான். ஒருநாள் ஊடலில், நீ கள்வன் அல்லையோ என்னும் பொருள்பட விளையாட்டாக ஒரு சொல் சொல்கின்றாள். அச்சொல் அவன் நெஞ்சில் தைக்கின்றது. அவளைக் கொல்லக் கருதி மலையுச்சிக்கு அழைத்துச் செல்கின்றான். அதனை உணர்ந்தவள், இறக்குமுன் அவனை மும்முறை வலம்வர வேண்டுமென்று கேட்டு, வலம்வருவாள்போல் பின்சென்று அவனைத் தள்ளிவிடுகின்றாள். பாலி உரையில் அவன் அரசகுருவின் மகன். அவன் கொல்ல நினைத்தது அவள் அணிகலன்களுக்காக. தமிழ்மரபு அணிகலனை விட்டுச் சொல்லைக் காரணமாக்கியது. பேராசையால் நேரும் கொலையை விட, மெய்யான ஒரு சொல்லைப் பொறாமையால் நேரும் கொலை நுட்பமானது.

‘கள்வன்’ என்னும் இச்சொல்லைக் கொண்டே நம் காப்பிய மகளிர் இருவரையும் அளந்துவிடலாம். கோவலனைக் கள்வன் என்றது பொய். அப்பொய்யை உடைத்தெறியக் கண்ணகி அவைக்களம் புகுந்தாள். காளனைக் கள்வன் என்றது மெய்; ஆனால் விளையாட்டாகச் சொல்லப்பட்டது. உஷா தன் கணவனைக் கண்டு சொன்னதோ மெய், விளையாட்டாகவும் சொல்லப்படவில்லை. கண்ணகியின் வழி திறந்திருக்கவில்லை என்பதே உஷாவின் இடர். உடைத்துக் காட்டுதற்கு அவள் கையில் சிலம்பு இல்லை. இருந்த சான்றெல்லாம் கணவனுக்கு எதிரானவை.

குண்டலகேசியின் மலைக்காட்சி 1950இலேயே தமிழ்த்திரைக்கு வந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘மந்திரி குமாரி’யில் மு. கருணாநிதி அதனை அரசகுருவின் மகன் பார்த்திபன், அமைச்சர் மகள் அமுதவல்லி என்போரின் கதையாக்கினார். எஸ். ஏ. நடராஜனும் மாதுரி தேவியும் மலையேறும் அக்காட்சி, தேனினும் இனிய ஓர் இணைப்பாடலோடு கொலைக்குச் செல்கின்றது. இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். அவர் இந்தியாவை விட்டு நீங்க, எஞ்சியதை டி. ஆர். சுந்தரம் முடித்தார். அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் ஜோசப் எச். லூயிஸ் இயக்கிய ‘கன் கிரேசி’ வெளிவந்தமை வியப்பான உடனிகழ்ச்சி. துப்பாக்கிப் பித்து என்று அத்தலைப்பைத் தமிழாக்கலாம். சட்டத்திற்குப் புறம்பான காதலர் இருவரைப் பற்றிய கரும்படங்களுள் அதுவே தலைசிறந்தது என்பது எம் மதிப்பீடு.

பார்ட் என்பான் துப்பாக்கியை நேசிப்பவன், உயிரைக் கொல்ல அஞ்சுபவன். லாரி என்பாள் கொல்ல அஞ்சாதவள். திருவிழாக் களரியொன்றில் குறிபார்த்துச் சுடும் போட்டியில் சந்திக்கின்றனர்; மணக்கின்றனர்; கொள்ளையடிக்கின்றனர். வங்கிக் கொள்ளை ஒன்றை இயக்குநர் வண்டியின் பின்னிருக்கையில் படப்பெட்டியை வைத்து, நடுவே வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுத்துள்ளார். வங்கியினுள் நிகழ்வதை நாம் காண்பதேயில்லை. அவள் முகத்தையும் தெருவையும் காண்கின்றோம், உடன் சென்றவராகின்றோம். மற்றொரு காட்சி இதனினும் சிறந்தது. சில மாதம் பிரிந்திருப்பதே பாதுகாப்பு என்று துணிந்து, இருவரும் வெவ்வேறு வண்டியில் வெவ்வேறு திசையில் செல்கின்றனர். சிறிது தூரம் சென்றதும் இரண்டு வண்டியும் திரும்புகின்றன. நடுத்தெருவில் இறங்கி ஓடித் தழுவிக்கொள்கின்றனர். சொல் ஒன்றும் இல்லை. பாலைத்திணையில் செலவழுங்குதல் என நாம் கற்பிப்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய திரைக்காட்சி வேறொன்றை யாம் அறியோம்.

பாலை என்றதனால் ஒன்று கூறவேண்டும். உடன்போக்கில் தலைவனும் தலைவியும் ஆறலைகள்வர் உறையும் சுரத்தைக் கடந்து செல்வர். கள்வர் வழியில் இருப்பர். காதலர் அவர்க்கு அஞ்சுவர். ‘கன் கிரேசி’யில் காதலரே ஆறலைகள்வர். ஆதலின் அவர்கள் சென்று சேர்வதற்கு அப்பால் ஓர் ஊர் இல்லை. இறுதியில் மூடுபனி சூழ்ந்த சதுப்புநிலத்தில் ஒளிந்திருக்கின்றனர். பார்ட்டின் இளமை நண்பர் இருவர் அவனை அழைத்துக்கொண்டே நெருங்குகின்றனர். லாரி அவர்களைச் சுட முனைகின்றாள். உயிரைக் கொல்ல அஞ்சியவன் தன் காதலியைச் சுடுகின்றான். மறுகணமே காவலர் குண்டுக்கு அவனும் இரையாகின்றான்.

ஈண்டு ஒப்புமையும் வேற்றுமையும் ஒருங்கே தோன்றும். அங்கும் இணையருள் ஒருவர் மற்றவரைக் கொல்கின்றார். பிறர் உயிர் காக்கவே கொல்கின்றார். ஆனால் அமெரிக்கப் படத்தில் கொன்றவனும் பிழைப்பதில்லை. இருவரும் மடிதலால், அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு எவரும் எஞ்சவில்லை. அக்கதைக்கு அது முடிவு. தமிழ்க்கதையில் கள்வன் இறக்கின்றான், கொன்றவள் வாழ்கின்றாள். வாழ்கின்றாள் என்பதே நம் மரபின் தனித்தன்மை. நம் கட்டுமாவடி மூதாட்டியார் கேட்டது அதனையே.

‘அந்த நாள்’ இதற்கு விடை கூறாமை ஒருபுறமிருக்க, விடையைத் தவிர்க்கவும் ஒரு வழி செய்துகொண்டது. உஷா துப்பாக்கியை எடுக்கின்றாள், குறிவைக்கின்றாள். பின் மனம் தளர்கின்றாள். தளர்ந்த அந்நேரத்தில் விசை அழுந்திவிடுகின்றது. இத்தற்செயல் கதைக்குத் தேவையற்றது. கணவனைக் கொன்ற பெண்ணை அவையோர் ஏலார் என்னும் அச்சமே இதனைப் புகுத்தியிருத்தல் வேண்டும். பத்திரை தள்ளினாள், அமுதவல்லியும் தள்ளினாள், அவர்கள் கை தவறவில்லை. உஷாவின் கை மட்டும் தவறியது. தவறியமையால் கொலையின் பொறுப்பு அவளிடமிருந்து பாதி பறிக்கப்படுகின்றது. பறித்த பாதியை நாட்டுப்பற்று என்னும் பேச்சால் நிரப்புகின்றனர். நாட்டுக்காகக் கொன்றாள் என்றால் அவள் வீரமகள். கை தவறிக் கொன்றாள் என்றால் அவள் இரங்கத்தக்கவள். இரண்டையும் ஒருங்கே கொள்ள விழைந்த படம், அறிந்தே கொன்று அறிந்தே வாழவேண்டிய ஒருத்தியை இழந்துவிட்டது. துப்பறிவாளரின் வேடிக்கைப் பேச்சு சில இடங்களில் நீளுவதையும், சான்றுரைப்போரின் கதைகள் ஒன்றிரண்டு தளர்வதையும் குறையெனலாம். அவை சிறு குறைகள். இதுவே பெருங்குறை.

எனினும் இவ்வச்சம் அடிப்படையற்றது என்றும் கூற இயலாது. அதே 1954ஆம் ஆண்டில், நாமக்கல் கவிஞரின் புதினத்தைத் தழுவி ‘மலைக்கள்ளன்’ வந்தது. குடியரசுத் தலைவரின் வெள்ளிப்பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப்படம் அதுவே. ‘அந்த நாள்’ அவ்வாண்டிற்குரிய தகுதிச் சான்றிதழைப் பெற்றது. மக்கள் பெருங்கூட்டமாகச் சென்று கண்டது ‘மலைக்கள்ளனை’. அங்கே கள்ளன் எனப்பட்டவன் உண்மையில் நல்லவன். கள்வன் என்னும் சொல் பொய்யாகின்றது. கண்ணகியின் வழக்கு வெல்கின்றது. அவையோர்க்கு அது பழகிய இன்பம். கணவன் உண்மையிலேயே கள்வன் என்பதும், மனைவியே அவனுக்கு நடுவர் என்பதும் அவர்க்குப் பழகாத துன்பம். ‘அந்த நாள்’ பெற்ற தோல்விக்குப் பாட்டில்லாமையோடு இதனையும் ஒரு காரணமாகச் சேர்த்தெண்ணுதல் வேண்டும்.

இனிக் காப்பியம் யாது செய்தது என்பதை நோக்குவோம். பத்திரை காளனைத் தள்ளிய இடத்தில் கதை முடியவில்லை. உண்மையில் அங்கேதான் தொடங்குகின்றது. வீடு திரும்பாமல் துறவு பூணுகின்றாள். சமணப் பள்ளியில் அவள் கூந்தலைக் களைந்தனர். அது சுருண்டு மீண்டும் வளர்ந்தது. குண்டலகேசி என்னும் பெயர் அவளுக்கு அதனால் வந்தது. பெற்றோர் இட்ட பெயர் கொலைக்கு முன்னையது. காப்பியத்தின் பெயர் கொலைக்குப் பின்னையது. பின்னர் நாவற்கிளையை நட்டு ஊர்தோறும் வாதிட்டாள்; சாரிபுத்தரிடம் தோற்றாள்; புத்த சங்கத்துள் புகுந்தாள். தேரிகாதையில் அவள் பெயரால் செய்யுட்கள் உள்ளன. சமயநூல் ஆதலின் இங்ஙனம் முடித்தனர் எனக் கழித்துவிடுதல் எளிது. ஆனால் கணவனைக் கொன்றவள் எங்குச் செல்வாள், யாருடன் பேசுவாள், எப்பெயரால் அழைக்கப்படுவாள் என்னும் மூன்றனுக்கும் அந்நூல் இடம் தேடியது. உஷாவுக்குப் படம் ஒன்றையும் தேடவில்லை. கொலையாளி யார் என்று அறிந்ததும் அதன் பணி முடிந்துவிடுகின்றது. சட்டம் அவளை என்செய்யும் என்பது வேறு. மறுநாட் காலை அவ்வீட்டில் விடிந்திருக்குமே, அதனைக் காட்டத் திரையில் ஓர் அடி நீளமும் ஒதுக்கவில்லை.

மறுநாள் அம்மூதாட்டியாரிடம் மீண்டும் சென்றோம். அவர் படத்தைப் பற்றிப் பேசவில்லை; காத்தவராயன் கதையைத் தொடங்கினார். சாதியின் காவலை மீறி ஆரியமாலையைக் கொண்டுசென்று கழுவேறியவனின் கதை அது. புதுக்கோட்டையிற் பிறந்த பி. யு. சின்னப்பா 1941இல் ‘ஆர்யமாலா’ என்னும் படத்தில் காத்தவராயனாக நடித்ததை அவ்வட்டாரத்து முதியோர் பெருமையுடன் கூறுவர். கட்டுமாவடிக் கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் இது காத்தான் கூத்தாக ஆடப்படுகின்றது. மூதாட்டியார் கழுமரத்தின் அடிவரை பாடி நிறுத்தியபொழுது, மாணவர் ஒருவர் துணிந்து, “அப்புறம் ஆரியமாலை என்ன ஆனா பாட்டி?” என்று கேட்டார்.

“அவன் பக்கத்துலதான் நிக்கிறா. கோயில்ல போய்ப் பாரு” என்றார் அவர்.